தையல் கடை இருமல்

12.8.2024, திங்கள்

ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த துணி மேசை கொள்ளாமல் கிடக்கிறது. இன்று பத்து ஜாக்கெட் முடித்திருக்க வேண்டும். ஏழுதான் முடிந்தது. மூன்று மணிக்கு மேல் உடம்பு கதகதவென்று ஆகிவிடுகிறது. ஊசியில் நூல் கோக்க இரண்டு மூன்று தடவை கண்ணைக் கசக்க வேண்டியிருக்கிறது.

ஹாஃபிஸா அக்கா கவனித்துவிட்டார். "ஏன் செவ்வந்தி, சாப்பிடறியா இல்லையா? தோள்பட்டை எலும்பு தெரியுதே" என்றார். வெயில்தான்க்கா என்றேன். முதலாளி என்று அவரை நான் நினைத்ததே இல்லை. பொய் சொல்லும்போது மட்டும் நினைப்பு வருகிறது.

குணசேகரன் மாஸ்டர் துணி வெட்டிக்கொண்டே இன்றும் இருமினார். சித்திரையிலிருந்து இப்படித்தான். பீடி இருமல் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கடைக்குள் நாங்கள் ஐந்து பேர். ஏசி போட்டதிலிருந்து கதவு சாத்தியே இருக்கிறது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குப் பெரிய கடை மாதிரி தெரிகிறது.

15.8.2024

லீவு. கனிமொழி பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வந்தாள். நான் படுத்தே இருந்தேன். "டாக்டர்கிட்ட போம்மா" என்றாள். பதின்மூன்று வயசு. சொல்கிற தோரணை அவள் அப்பா மாதிரியே.

18.8.2024, ஞாயிறு

இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும்.

மாத்திரை விட்டு நாலு மாசம் ஆகிறது.

வேண்டுமென்று விடவில்லை. ரம்ஜான் தையல் நேரத்தில் மாத்திரை வாங்கப் போக வேண்டிய தேதி வந்தது. அன்று போக முடியவில்லை. அடுத்த வாரம் என்று நினைத்தேன். பிறகு போனால் ஆஸ்பத்திரி ஆலோசகர் மேடம் என்ன கேட்பாரோ என்று தள்ளிப்போட்டேன். மாத்திரை இல்லாமலும் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றியது. அப்புறம் போகாததே பழக்கமாகிவிட்டது.

எனக்கு ஹெச்ஐவி இருப்பது தெரிந்து ஏழு வருஷம். கனிமொழி அப்பாவுக்கு முதலில் தெரிந்தது, அப்புறம் எனக்கு. பிள்ளைக்கு இல்லை. அவர் போய் ஆறு வருஷம். லாரி ஓட்டினவருக்கு மஞ்சள்காமாலை என்று ஊரில் சொல்லிவைத்தோம். ஆஸ்பத்திரியைத் தவிர இது தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

இதை எழுத எழுந்துபோய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்தேன். ஏன்? நோட்டு என்ன பேசவா போகிறது.

22.8.2024

ராத்திரி வியர்வையில் தலையணை நனைந்துவிடுகிறது. கடைத்தெரு டாக்டர் கொடுத்த இருமல் மருந்து தீர்ந்துவிட்டது. எடை முப்பத்தெட்டு.

26.8.2024, திங்கள்

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயந்த மாதிரி யாரும் திட்டவில்லை. ஆலோசகர் மேடம் என் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வந்துட்டீங்கல்ல, அது போதும்" என்றார். அழுதுவிட்டேன். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

சளி எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில், கிருமி தெரியவில்லை என்று சீட்டு வந்தது. மனசு லேசாகி, பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். டாக்டரம்மா விடவில்லை. "மைக்ரோஸ்கோப்ல தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. ஹெச்ஐவி இருந்து மருந்தை விட்டவங்களுக்குச் சளியில கிருமி கொஞ்சமாத்தான் இருக்கும், தப்பிச்சிடும். இன்னொரு மிஷின்ல வெக்கறேன். எக்ஸ்ரேயும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

28.8.2024

டிபி.

இரண்டு நுரையீரலிலும் இருக்கிறதாம். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எண்ணுவார்களே, அது போன வருஷம் ஐந்நூறுக்கு மேல் இருந்தது. இப்போது நூற்று நாற்பத்திரண்டு.

30.8.2024, வெள்ளி

டிபிக்கான மாத்திரை ஆரம்பித்துவிட்டது. ஆறு மாசம். காலையில் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. சொல்லித்தான் அனுப்பினார்கள், இருந்தாலும் முதல் தடவை பார்த்தபோது திக்கென்றது. பழைய ஹெச்ஐவி மாத்திரையை உடனே ஆரம்பிக்கக் கூடாதாம். இரண்டு வாரம் இதை உடம்பு தாங்கிய பிறகுதான் அது.

கடைக்கு டைபாய்டு என்று சொல்லிவிட்டேன். ஹாஃபிஸா அக்கா கஞ்சி கொடுத்தனுப்பினார்.

2.9.2024, திங்கள்

டிபி பிரிவிலிருந்து பரணிதரன் சார் வீட்டுக்கு வந்தார். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். பைக்கில் எழுதியிருப்பதை யாரும் படிக்கக் கூடாது என்று. ஐம்பது வயசு இருக்கும். சத்தம் போட்டுப் பேசுவதில்லை.

கனிமொழியின் எக்ஸ்ரே சுத்தம். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை வீதம் பன்னிரண்டு வாரம் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "கசக்குமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு என்னிடம், "பகல்ல எங்கங்க இருப்பீங்க? வேலைக்கு எங்க போறீங்க?" என்றார்.

வீட்டிலேயேதான் தைக்கிறேன் சார், என்றேன்.

மூலையில் இருந்த பழைய மிஷினைப் பார்த்தார். மேலே துணி மடித்து வைத்திருந்தேன். பெல்ட் அறுந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் சொன்னதையே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

3.9.2024

கடையில் தூளி கட்டியிருக்கிறது. செம்மொழியின் பாப்பா அதில்தான் தூங்கும். எட்டு மாசம். செம்மொழி பட்டன் தைக்கும்போது நான்தான் காலால் ஆட்டிவிடுவேன்.

ஜூலை முழுக்க ஆட்டினேன். ஆகஸ்டிலும்.

5.9.2024

சாப்பிட்டதெல்லாம் வாந்தி. பாப்பா ஞாபகமாகவே இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? கடைக்கு வந்து எல்லாரையும் பரிசோதிப்பார்கள். யாரால் என்று கேட்பார்கள். டிபி என்றால் கூடப் பரவாயில்லை. இந்த வயசில் இவளுக்கு ஏன் டிபி வந்தது என்று ஒருத்தர் யோசித்தால் போதும், அவர் லாரி ஓட்டினது ஞாபகம் வரும், அவர் எப்படி இளைத்துப் போனார் என்பது ஞாபகம் வரும். கனிமொழியோடு உட்கார எந்தப் பிள்ளையை விடுவார்கள்?

சொல்லாவிட்டால்?

9.9.2024, திங்கள்

பரணிதரன் சார் மாத்திரை அட்டையைப் பார்க்க வந்தார். அவர் கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "சார், என்கிட்டேருந்து ஒரு சின்னக் குழந்தைக்குப் போயிருக்குமா?"

திரும்பி வந்து உட்கார்ந்தார். யார் குழந்தை என்று கேட்கவில்லை.

"உங்ககிட்டேருந்து போறதுக்கு வாய்ப்பு கொஞ்சம்தான்ம்மா. உங்க சளியில கிருமி கம்மி. நீங்க அதிகமா இருமவும் இல்ல. ஆனா இன்னொரு விதமா யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

எனக்கு விளங்கவில்லை.

"டிபி கிருமி நம்ம ஊர்ல நிறைய பேர் உடம்புல சும்மா தூங்கிட்டு இருக்கும். சாதாரண ஆளுக்கு வருஷக்கணக்குல ஒண்ணும் பண்ணாது. ஹெச்ஐவிக்கு மருந்து விட்டவங்களுக்கு அப்படி இல்ல. உள்ள இருக்கறதும் முழிச்சுக்கும், புதுசா ஒட்டினதும் ஒரு சில மாசத்துலயே படுக்க வெச்சிடும். ஒரே ரூம்ல பத்து பேர் இருந்தா முதல்ல படுக்கறது அவங்கதான். அதனால எல்லாரும் அவங்கதான் கொண்டுவந்தாங்கன்னு நினைப்பாங்க. கொண்டுவந்த ஆள் இன்னும் திடமா நடமாடிட்டு, இருமிட்டு இருப்பார். அவரைக் கண்டுபிடிக்கற வரைக்கும் அந்த ரூம்ல அது நிக்காது."

மாத்திரை அட்டையை என்னிடம் திருப்பித் தந்துகொண்டே, "மருந்து விட்டவங்க ஒரு ஊர்ல இருபது பேர் இருந்தா, இருபது பேரும் ஒவ்வொருத்தரா இப்படி விழுவாங்க. அதுல நாலு பேர் நல்லா இருமறவங்களா இருப்பாங்க. அவங்க வீட்டுல குழந்தைங்க, பெரியவங்க. அப்படியே போகும். ரெண்டு நோயும் ஒண்ணுக்கு ஒண்ணு கை கொடுத்துக்கும்" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மாஸ்டரின் இருமல் காதில் கேட்டது. சித்திரை. வைகாசி. ஆனி. சாத்திய கதவு.

"நான் வீட்டுல தைக்கல சார்."

"தெரியும்மா" என்றார். "மிஷின்ல பெல்ட் இல்ல."

கடை பெயரைச் சொன்னேன். என் ஹெச்ஐவி விஷயம் அவர் வாயிலிருந்து வராது, டிபி விஷயத்திலும் என் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் ஐந்து பேர் இருக்கிற கடையில் ஒருத்தி இரண்டு வாரமாக லீவு. பெயர் வேறு சொல்ல வேண்டுமா.

11.9.2024

டிபி பிரிவு ஆட்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் நானே ஹாஃபிஸா அக்காவுக்குப் போன் செய்தேன். டைபாய்டு இல்லைக்கா, டிபி.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷின் சத்தம் நின்றது. பிறகு, "நோய் வந்ததுக்கு நான் கோவிச்சுக்கல. மூணு நாள் கஞ்சி காய்ச்சி அனுப்பினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல" என்று வைத்துவிட்டார்.

13.9.2024, வெள்ளி

இன்றிலிருந்து பழைய மாத்திரையும் சேர்ந்தது. டிபி மருந்து இருக்கிறவரை அதை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை போட வேண்டும். காலை ஏழு, மாலை ஏழு. மேடம் தேதி எழுதிக் கொடுத்தார். "தேதி தவறினா மறுநாள் வாங்க. மறுநாளும் தவறினா அதுக்கு மறுநாள். வராம மட்டும் இருக்காதீங்க" என்றார்.

17.9.2024

கடைக்குக் கையில் தூக்கிவரும் எக்ஸ்ரே பெட்டியோடு போயிருக்கிறார்கள். செம்மொழி போனில் சொன்னாள். குரலில் ஒட்டுதலே இல்லை.

20.9.2024, வெள்ளி

மாஸ்டருக்கு இருக்கிறது. சளியில் மூன்று பிளஸ். அதற்கு மேல் அளவே இல்லையாம். நுரையீரலில் பழைய ஓட்டை. சர்க்கரையும் நானூறுக்குப் பக்கம். சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது.

மற்ற யாருக்கும் நோய் இல்லை. பாப்பாவுக்கும் இல்லை. பாப்பாவுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கப் போகிறார்கள்.

பாப்பாவுக்கு இல்லை.

25.9.2024, புதன்

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் மாஸ்டர் நின்றார். முகமூடி போட்டிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் திரும்பிப் பார்த்து, "செவ்வந்தியா?" என்றார்.

பெஞ்சில் ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். டிபி வந்தவர்கள் எல்லாருக்கும் ஹெச்ஐவி பரிசோதனை செய்வார்கள். அவருக்கு அது தெரியாமல், பேரைக் கேட்டதும் பயந்துபோய்விட்டார்.

"ரெண்டு நாளா சோறு எறங்கல. நான் எந்தத் தப்பும் பண்ணலியே, எனக்கு எதுக்குன்னு கேட்டேன். தப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க, எல்லாருக்கும் எடுக்கறதுன்னாங்க. இல்லைன்னு வந்துடுச்சு." என் பக்கம் திரும்பி, "உனக்கும் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க மாஸ்டர்."

என்ன வந்தது என்று சொல்லாமல் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். புரிந்ததா? தெரியவில்லை.

"என்கிட்டேருந்துதான் உனக்கு வந்துச்சா?" என்றார்.

"யார்கிட்டேருந்து யாருக்குன்னு உறுதியாச் சொல்ல முடியாதாம் மாஸ்டர்."

"நீ மே மாசம் இருமினியா?"

"இல்ல."

"நான் இருமினேன்" என்றார்.

4.10.2024, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

இனி என்னால் யாருக்கும் தொற்றாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு கடைக்குப் போனேன். உட்கார்ந்து அரை மணி கூட ஆகவில்லை. செம்மொழியின் மாமியார் காளியம்மாள் வாசலில் வந்து நின்றுகொண்டார். "எம் பேரப்புள்ளைக்குப் பொறந்த எட்டாம் மாசமே மாத்திரை. எவ கொண்டாந்த சீக்கு இது?" தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். "இவ புருஷன் என்னத்துல போனான்னு எனக்குத் தெரியாதா? லாரிக்காரன். மஞ்சக்காமாலையாம்ல!"

ஹாஃபிஸா அக்கா எழுந்து, "காளியம்மா, உள்ள வந்து பேசுங்க, இப்படி வாசல்ல—" என்கிறார். செம்மொழி தலை தூக்கவே இல்லை. நான் மிஷின் சக்கரத்தைப் பிடித்தபடியே இருந்தேன். ஓடிவிடலாமா? எங்கே ஓடுவது?

அப்போதுதான் எதிர்ப் பக்கம் டீக்கடை ஓரமாக மாஸ்டர் நிற்பதைப் பார்த்தேன். லீவில் இருக்கிறவர். எனக்கு முன்பே அங்கே நின்றிருக்க வேண்டும். முகமூடியோடு தெருவின் நடுவுக்கு வந்தார், கடைக்குப் பக்கத்தில் வரவில்லை.

"காளியம்மா, சத்தம் போடறதுன்னா என்னப் பாத்துப் போடு. சித்திரையிலேருந்து அந்த ரூமுக்குள்ள இருமிக்கிட்டு கெடந்தவன் நான். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு வீட்டுல சொன்னா, ஹாஃபிஸாம்மா சொன்னாங்க, நான் கேக்கல. எனக்குத்தான் மூணு பிளஸ்ஸு. இந்தப் பொண்ணுக்கு என்கிட்டேருந்துதான் ஒட்டுச்சு. அது போய்ச் சொன்னதாலதான் உன் பேரனுக்கு இப்ப மருந்து. சொல்லாம வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் இன்னிக்கும் உள்ள இருமிக்கிட்டுதான் இருப்பேன். செத்தவன எதுக்கு இழுக்கற?"

இருமல் வந்துவிட்டது. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கையில் வாயைப் பொத்தி இருமி முடித்தார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காளியம்மாள் அதற்கப்புறமும் முணுமுணுத்தார். ஆனால் போய்விட்டார்.

நான் அழவில்லை. பிரித்துப் போட்டிருந்த ஜாக்கெட் கைப்பட்டியைத் திரும்பத் தைத்தேன். கோணலாக வந்தது.

5.10.2024

ஹாஃபிஸா அக்கா ஆள் கூட்டிவந்து பின் சுவரை உடைத்து இரண்டு ஜன்னல் வைக்கச் சொல்லிவிட்டார். ஏசியை விற்கப்போகிறார். "வேர்த்தா வேர்க்கட்டும்" என்றார். என்னோடு பழையபடி பேசவில்லை. ஆனால் டீ வந்தபோது என் பக்கமாக டம்ளரை நகர்த்தினார்.

31.10.2024

தீபாவளி. வழக்கமாகத் தைக்கக் கொடுக்கிறவர்களில் மூன்று பேர் மட்டும் வேறு கடைக்குப் போனார்கள். மூன்று பேர்தான்.

27.11.2024

நாலு நாளாக விடாத மழை. வயலெல்லாம் தண்ணீருக்குள். செம்மொழி வரவில்லை, வீட்டைச் சுற்றித் தண்ணீர். மாத்திரை வாங்கும் தேதி இன்று. பஸ் சுற்றிப் போனது. போய் வாங்கிவிட்டேன்.

கனிமொழிக்குப் பன்னிரண்டு வாரம் முடிந்தது.

16.1.2025, வியாழன்

மாட்டுப்பொங்கல் முடிந்து மறுநாள். செம்மொழி பாப்பாவோடு வந்து, ஒன்றும் பேசாமல் கரும்புத்துண்டைக் கொடுத்தாள். அவளும் நானும் தின்றோம். எடை நாற்பத்தாறு.

28.2.2025, வெள்ளி

டிபி மருந்து முடிந்தது. எக்ஸ்ரேயில் தழும்பு மட்டும் இருக்கிறது. அது இருக்கத்தான் செய்யுமாம். எதிர்ப்பு எண்ணிக்கை முந்நூற்றுப் பத்து. வைரஸ் அளவு பார்த்ததில் எண்ணும்படி இல்லை என்று வந்திருக்கிறது. மேடம் சீட்டை இரண்டு தடவை படித்துக் காட்டினார். இன்னும் இரண்டு வாரத்தில் இரண்டு வேளை ஒரு வேளையாகும். அது ஆயுசுக்கும்.

மாஸ்டருக்கும் மார்ச் கடைசியில் முடியும். சர்க்கரைதான் அடங்க மாட்டேன் என்கிறது. பீடியை விட்டுவிட்டேன் என்கிறார். அவர் வீட்டில் பாதிதான் நம்புகிறார்கள்.

6.3.2025, வியாழன்

நோன்பு மாசம். மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு ஹாஃபிஸா அக்கா என் மிஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.

"ஃபாஜில் வந்து மூணு வாரமாச்சு" என்றார். அவர் தம்பி. மஸ்கட்டில் இருந்தவன். "லீவுல வந்திருக்கான்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். லீவு இல்ல. மெடிக்கல் செக்கப்ல ஏதோ வந்து திருப்பி அனுப்பிட்டாங்க. மாடி ரூமை விட்டு எறங்க மாட்டேங்கறான். இருமறான். டிபின்னா செவ்வந்தி போன எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்டா, சரியாயிடும்னு சொன்னேன். அது மட்டும் இல்லக்கா-ங்கறான். காகிதத்தைக் காட்ட மாட்டேங்கறான்."

எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்த வார்த்தையை யார் முதலில் சொல்வது என்பதுதான்.

மனசுக்குள் என்ன ஓடியது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஓடவில்லை. அவன் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

"அக்கா, அது மட்டும் இல்லன்னா, ஹெச்ஐவியா இருக்கும். எனக்கும் அதான்" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஏழு வருஷத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே முதல் தடவை. என் குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது.

அக்கா துணியைக் கீழே வைத்தார். "எத்தனை வருஷமா?"

"ஏழு."

"கனிமொழிக்கு?"

"இல்லக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தார். எழுந்து போகவில்லை.

நானே சொன்னேன். மாத்திரை போட்டால் ஒன்றும் செய்யாது. விட்டால்தான் என் கதி. இருமலோடு மாடியில் கிடந்தால் அவனுக்கும் ஆபத்து, வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஆபத்து. திங்கட்கிழமை நானே கூட்டிப்போகிறேன்.

"வருவானா?"

"நான் வந்து பேசறேன்க்கா."

10.3.2025, திங்கள்

எட்டேகால் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். ஃபாஜில் ஜன்னலோரம், முகமூடியோடு. அவன் முகத்துக்கு நேராகக் காற்று அடித்தது. நேற்று மாடியில் அவனோடு ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். பேசினேன் என்றால் நான் மட்டும்தான். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். என் மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டியபோது மட்டும் திரும்பி வாங்கிப் பார்த்தான்.

சளி கொடுத்தான், ரத்தம் கொடுத்தான், எக்ஸ்ரே எடுத்தான். மத்தியானமே சொல்லிவிட்டார்கள். டிபி ஆரம்பம்தான், சீக்கிரம் வந்துவிட்டான். மற்றதும் உறுதி. ஆலோசகர் மேடம் அவனிடம் பேசும்போது நாங்கள் வெளியில் நின்றோம். ஹாஃபிஸா அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பிடித்திருப்பது தெரியாமலே.

பெயர் பதிகிற இடத்தில் அட்டை எழுதுகிறவர், வீட்டு ஆள் பெயர் வேண்டும் என்றார். "கூட வந்தவங்க யாருப்பா? என்ன முறை?"

ஃபாஜில் எங்களைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா" என்றான். இன்று முழுக்க எங்கள் காதில் விழ அவன் சொன்ன முதல் வார்த்தை.

"ரெண்டு பேர்ல யாரு?"

"ரெண்டு பேரும்தான்" என்றான்.